காப்புக் கட்டிய கை

அக்கா பூப்பறிக்கும்போது அவளுடைய இரண்டு கைகளும் இரண்டு ஆட்கள் மாதிரி வேலை செய்யும். ஒரு கை மொட்டைக் கிள்ளும்போதே இன்னொரு கை அடுத்த கிளையை வளைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து வரிசையில் நின்று நானும் போட்டி போட்டுப் பார்ப்பேன். ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அன்றைக்குக் காலையில் நான் வரிசையின் முனைக்கு வந்து திரும்பினால், அக்கா எனக்கு வெகு தூரம் பின்னால் நின்றாள். மடியில் கட்டிய துணிப்பையில் பாதிகூட நிறையவில்லை. வலது கையை நெஞ்சின் மேல் வைத்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த காப்புக் கயிறு.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. வாயு."

"எங்க வலிக்குது?"

"வலியெல்லாம் இல்ல. யாரோ நெஞ்சு மேல ஒக்காந்த மாதிரி இருக்கு. செத்த நேரத்துல போயிரும். நீ பறி, பூவண்டி வந்துரும்."

நான் பறிக்கவில்லை. அவளை வரப்பில் உட்கார வைத்தேன். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வாயு என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல, ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் சாணார்பட்டிப் பக்கம். அக்காவை உள்ளூரிலேயே, அத்தை மகனுக்குக் கொடுத்திருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் வீடு, ஊருக்கு வெளியே மச்சானின் மல்லிகைத் தோட்டம். பாப்பா வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் அக்காவுக்குக் கால் வீங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும் என்றார்கள். பிறகு முகம் வீங்கியது, தலைவலி விடவில்லை, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, உடனே பிள்ளையை வெளியே எடுக்காவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். நான் அப்போது கல்லூரி முதல் வருஷம். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை ஸ்ட்ரெச்சரோடு நடந்தது நான்தான். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"நானும் பிள்ளையும் நல்லபடியா வெளிய வந்தா நம்ம ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்குறேன். நீ கேட்டுக்கிட்டேல்ல. நீதான் சாட்சி."

இருவரும் வந்தார்கள். பாப்பா உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது, பல நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து தேறியது. அக்காவுக்குச் சில வாரம் மாத்திரை கொடுத்தார்கள். அழுத்தம் இறங்கியது, மாத்திரை தீர்ந்தது, அதோடு அந்தக் கதை முடிந்தது. "அது பிள்ளைத்தாச்சிப் பிரஷர், பிள்ளையோட வெளிய வந்துருச்சு" என்று அத்தை எல்லாரிடமும் சொல்வார். அதற்கப்புறம் அக்காவின் கையில் யாரும் பிரஷர் பட்டை சுற்றிப் பார்க்கவில்லை. பாப்பாவுக்குத் தடுப்பூசி தவறவில்லை, எடை பார்ப்பது தவறவில்லை. அம்மாக்காரியை எந்தத் தராசிலும் யாரும் ஏற்றவில்லை.

நேர்த்திக்கடன் மட்டும் பாக்கி நின்றது. அக்கா மறந்ததால் இல்லை. கோயில் முதல் மரியாதை யாருக்கு என்கிற சண்டையில் எங்கள் ஊர்த் திருவிழாவே நின்றுபோயிருந்தது. வருஷா வருஷம் பங்குனி வரும், அக்கா கோயில் பூட்டைப் பார்த்துவிட்டு வருவாள். பாப்பாவுக்குச் சளி பிடித்தால்கூட, "கடன் கெடக்குல்ல, அதான்" என்பாள்.

நான் படித்து முடித்து, திண்டுக்கல்லில் ஒரு டியூஷன் சென்டரில் உயிரியல் எடுக்கிறேன். எதையாவது படித்தால் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படித்தான் ஒரு நாள், கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று படித்தேன். பிரசவத்தோடு முடிகிற விஷயம் இல்லையாம் அது. படித்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். மறுநாளே பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று ஆர்டர் போட்டேன்.

மெஷின் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் ஒரே கூட்டம். அத்தைதான் முதல் ஆளாகக் கையை நீட்டினார்.

"டாக்டரம்மா வந்துருக்காக, வரிசையா வாங்க. எனக்குப் போட்டுட்டு எம்மகனுக்குப் போடு. அப்புறம் அந்த ஆட்டுக்கும் ஒரு தடவ போட்டுரு, ரெண்டு நாளாத் தழ திங்கல."

அத்தைக்கு அந்த வயதிலும் கணக்காக இருந்தது. மச்சானுக்கும் சரி. அக்காவைப் பிடித்து உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. அளக்கும் முன் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும் என்றேன்.

"அஞ்சு நிமிசம் பேசாம இருந்தா அதுலயே எனக்குப் பிரஷர் ஏறிருமேடி" என்றாள்.

ஏறித்தான் இருந்தது. ஆனால் பேசாததால் இல்லை. மறுபடி பார்த்தேன், மறுநாள் பார்த்தேன், அடுத்த ஞாயிறும் பார்த்தேன். திண்டுக்கல்லில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். "இம்புட்டு வயசுல பிரஷர் மாத்திரையா, வெளிய சொல்லிக்கிறாதீக" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா ஒழுங்காகப் போட்டாள். அழுத்தம் மெல்ல இறங்கவும் செய்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பங்குனியில் ஊர் சமாதானமாகி, கோயில் பூட்டைத் திறந்தார்கள். காப்புக் கட்டினார்கள்.

எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரை யாரும் ஊர் எல்லை தாண்டி இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது அடைவதற்குள் வந்துவிட வேண்டும். கையில் காப்பு கட்டிக்கொண்டவர்களுக்கு அதற்கு மேலும் உண்டு. செருப்புக் கிடையாது, கவிச்சி கிடையாது, ஒரே வேளைச் சாப்பாடு. அக்கா தீச்சட்டிக்காகக் காப்புக் கட்டியிருந்தாள். சட்டி எடுக்க இன்னும் மூன்று நாள் இருந்தது, அன்று காலையில்தான் அவள் வரிசையின் நடுவில் நின்றுவிட்டாள்.

மெஷின் என் டியூஷன் பையிலேயே கிடந்தது. வரப்பில் வைத்தே அவள் வலது கையில் பட்டையைச் சுற்றினேன். மேல் எண் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிக் காட்டியது.

"மிசினு கெட்டுப்போச்சு" என்றாள் அக்கா.

என் கையில் சுற்றிப் பார்த்தேன். எனக்குச் சரியாகக் காட்டியது. மறுபடி அவள் கையில் சுற்றினேன். முன்னைவிட ஏறியிருந்தது.

"மாத்திர போட்டியா?"

அக்கா பூப்பையின் முடிச்சை இறுக்கினாள்.

"ஒன்னத்தான் கேக்குறேன். போட்டியா இல்லையா?"

"காப்புக் கட்டுனதுலருந்து போடல."

"ஏன்?"

"வெரதம்டி. வெரதத்துல போயி யாராச்சும் மாத்திர முழுங்குவாகளா? காப்புக் கட்டுன கைக்கு மாத்திர எதுக்கு, ஆத்தா பாத்துக்கிருவா."

கவிச்சியைப் போல, செருப்பைப் போல, மாத்திரையையும் அவள் ஒதுக்கி வைத்திருக்கிறாள். யாரும் அப்படிச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். யாரும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாத அளவுக்கு அவளுக்கு அது தெளிவாக இருந்திருக்கிறது. பட்டினியில், வெயிலில், திருவிழாப் பூவுக்காக இரண்டு மடங்கு பறித்துக்கொண்டு, மாத்திரையும் இல்லாமல் இத்தனை நாள்.

"ராத்திரி எப்படித் தூங்குற?"

"மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது. செவுத்துல சாஞ்சுக்கிருவேன்."

இதையும் அவள் இப்போதுதான் சொல்கிறாள்.

மச்சான் முதல் மூட்டையோடு விடியும் முன்பே பைக்கில் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை, மார்க்கெட் சத்தத்தில் கேட்காது. அதற்குள் ஊர் ஊராகப் பூ ஏற்றுகிற மினி ஆட்டோ வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"பொழுதடைய முன்ன கொண்டாந்து விட்ருவியா?"

"விட்ருவேன்."

"அம்மாகிட்டயும் அத்தகிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லல."

அந்த நேரத்தில் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். பூ மூட்டைகளுக்கு நடுவில் அவளைச் சாய்த்து உட்கார வைத்தேன். திண்டுக்கல் வரை அவள் நெற்றியில் வேர்வை நிற்கவில்லை. "வாசம் தூக்குது, கொமட்டுது" என்று ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். வாசத்தாலா, நெஞ்சாலா என்று தெரியாமல் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தேன். வண்டி சந்தில் நுழைய முடியாது என்று மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தாள். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அதை மிதிக்காமல் விலகி நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சடைப்பு என்று சொன்னதுமே உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். ஈசிஜி எடுக்க வந்த நர்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். மணிக்கட்டில் கிளிப் மாட்ட வேண்டும்.

"அந்தக் கயித்தக் கழட்டிருங்கக்கா."

அக்கா கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். நர்ஸ் அப்போதுதான் கயிற்றைச் சரியாகப் பார்த்தாள்.

"காப்பா? எங்க ஊர்லயும் கட்டியாச்சு. சரி, கழட்ட வேணாம், மேல ஏத்திக்கிருவோம்" என்று கயிற்றைக் கொஞ்சம் மேலே நகர்த்தி, கிளிப்பை மாட்டினாள். மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இந்த வாரம் நைட் ட்யூட்டி போட்டுருந்தாங்க. பகலுக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டேன். ராத் தங்கக் கூடாதுல்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பாத்தியா, இவளே தங்க மாட்டேங்குறா.

டாக்டர் ஒரு பெண். ஈசிஜி தாளைப் புரட்டிக்கொண்டே கேள்விகளாகக் கேட்டார். சர்க்கரை இருக்கா? இல்லை. வீட்டில் யாருக்கும் நெஞ்சு வலி வந்திருக்கா? இல்லை. கர்ப்பத்தில் பிரஷர் இருந்துச்சா?

"இல்ல" என்றாள் அக்கா.

நான் குறுக்கே விழுந்தேன். "இருந்துச்சு டாக்டர். ஏழாம் மாசமே ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. கண்ணெல்லாம் மங்கிப்போச்சு. பாப்பா கண்ணாடிப் பெட்டியில கெடந்துச்சு."

"அது அப்ப" என்றாள் அக்கா. "இப்பத்தக் கேட்டாக."

டாக்டர் தாளை வைத்துவிட்டு அக்காவை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள். வலது கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். முதல் ரத்தப் பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இதயத்தின் சுவர் தடித்திருந்தது. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்திருக்கிறது. நுரையீரலில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது.

"அட்மிட் பண்ணணும்."

"சாயங்காலம் போயிரலாம்ல?" என்றாள் அக்கா.

"இல்லம்மா. ரெண்டு மூணு நாள் ஆகும்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் மச்சானுக்குப் போன் போட வெளியே வந்தேன். இந்தத் தடவை எடுத்தார், வருகிறேன் என்றார். பேசி முடித்துத் திரும்பினால் கட்டில் காலி. மருந்து பாட்டிலின் குழாய் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில்தான் பிடித்தேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்ன பண்ற நீ?"

"விடு. நீதான சொன்ன, பொழுதடைய முன்ன கொண்டாந்து விட்ருவேன்னு."

"ஒனக்கு நெஞ்சுல தண்ணி கோத்துருக்கு. இதயம் தடிச்சுப்போயிருக்கு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, கர்ப்பத்துல பிரஷர் வந்தா பின்னாடி..."

"நீ படிச்சத வச்சுக்க." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட மூச்சு இல்லை. "எனக்கு ஒண்ணு ஆனா எனக்கு. காப்புக் கட்டிட்டு நான் இங்க தங்குனா பாப்பாவுக்கு ஆகும். அவள எனக்குக் குடுத்ததே ஆத்தாதான். ஒனக்குப் பிள்ள இருந்தாத் தெரியும்."

எந்தப் புத்தகத்தில் படித்ததும் இதற்கு உதவாது. அவள் இன்னும் நாலு படி இறங்கினாள். ஐந்தாவது படியில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. நான் மேலே பார்த்துக் கத்தினேன். நர்ஸும் டாக்டரும் இறங்கி வந்தார்கள். வீல்சேர் கேட்டு ஆள் ஓடியது. கீழேயிருந்து மச்சான் ஏறி வந்தார், சட்டை முழுக்க மல்லிகை வாசத்தோடு.

"தீச்சட்டிதான உனக்குக் கவல?" என்றார். "நான் எடுக்குறேன் உம் பேருக்கு. நீ பேசாம இங்க படு."

அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நேத்து டவுன்ல பிரியாணி தின்னுட்டு வந்தது நீங்கதான? சட்டையில வாசம் அடிச்சுச்சு. சட்டி எடுக்குறாராம்."

நர்ஸ் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை அடக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் முதுகு ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் படியிலேயே அவளுக்குப் பக்கத்தில் குனிந்து நாடி பிடித்தார். அக்கா கேட்டாள்: "எனக்கு எப்ப முழுசாச் சரியாகும்?"

"மூச்சுத் திணறல் ரெண்டு நாள்ல கொறையும். பிரஷர் அப்படி இல்லம்மா. கர்ப்பத்துல வந்துச்சே, அன்னிக்கே உங்க ரத்தக் குழாய்க்கும் இதயத்துக்கும் கவனம் தேவைன்னு ஆயிருச்சு. அப்படி வந்த எல்லாருக்கும் இந்த மாதிரி ஆகும்னு இல்ல. ஆனா வருசம் தவறாமப் பாத்துக்கிட்டே இருக்கணும். உங்களுக்குப் பாக்கவே இல்ல. எப்பத் திரும்ப ஏறுச்சுன்னே தெரியல. இதயம் தடிக்கிறதெல்லாம் ஒரு வாரத்துல நடக்குற காரியம் இல்ல."

"அப்ப அது பிள்ளையோட வெளிய வரலையா?"

"வரல."

அக்கா நிமிர்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே என்னைத் தேடிப் பார்த்தாள்.

"அன்னிக்குத் தியேட்டர் வாசல்ல நான் ஒங்கிட்ட என்ன சொன்னேன்? ஒரு வார்த்த மாத்தாமச் சொல்லு."

"நானும் பிள்ளையும் நல்லபடியா வெளிய வந்தா தீச்சட்டி எடுக்குறேன்னு சொன்ன."

"பிள்ள வந்துட்டா."

"வந்துட்டா."

"நான் இன்னும் வரல போல." அவள் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் காப்புக் கயிற்றில் கோத்த மஞ்சளைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "பாதி ஒடம்ப வச்சுக்கிட்டு எப்படிக் கடன் தீக்குறது? தீத்தாலும் அது பொய்க்கணக்குல்ல. ஆத்தா கேக்க மாட்டாளா, நான் இன்னும் முடிக்கவே இல்லையேடி, அதுக்குள்ள என்ன அவசரம்னு."

வீல்சேர் வந்தது. அவளே எழுந்து உட்கார்ந்துகொண்டாள். வலது கையில் ஊசி பிடுங்கிய இடம் வீங்கியிருந்ததால் இன்னொரு கை வேண்டும் என்றாள் நர்ஸ். அக்கா காப்புக் கட்டிய கையை நீட்டினாள். கயிற்றை யாரும் கழற்றச் சொல்லவில்லை, அவளும் கழற்றவில்லை. கயிற்றுக்குக் கீழே நரம்பு தேடி ஊசி குத்தினார்கள்.

அம்மாவிடம் போனில் அவளே பேசினாள். மறுமுனையில் அம்மாவின் அழுகையும் ஏச்சும் எனக்கே கேட்டது. ஊரு என்ன பேசும், மாமியா என்ன சொல்லுவா.

"ஊரு பேசிட்டுப் போகுது. நீ கோயிலுக்குப் போயி ஆத்தாகிட்ட சொல்லு. சாட்சிக்கு ஒஞ் சின்ன மக இருக்கான்னு சொல்லு. பாப்பாவ மட்டும் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்க."

பொழுது அடைகிற நேரத்தை அவ்வளவு நீளமாக நான் அதுவரை பார்த்ததில்லை. ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. மச்சானைப் பொழுதோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, நானும் எல்லை தாண்டி அவளோடு தங்கினேன்; ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மானிட்டரில் எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. ஹார்ட் அட்டாக் இல்லை. அக்கா அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குப் பயம் அந்தப் பக்கம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா போன். எனக்குத்தான் போட்டாள். பாப்பாவுக்கு உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, வாந்தி எடுக்கிறது.

வராந்தாவில் நின்று கேட்டேன். காய்ச்சல் காய்ச்சல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நானும் அக்கா நினைப்பதைத்தான் நினைத்தேன். சொல்லாமல் விடலாமா? கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே அவள் கேட்டுவிட்டாள்.

"பாப்பாவுக்கு என்ன?"

சொன்னேன். மானிட்டரில் எண் ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அக்கா போர்வையைத் தள்ளினாள், காலைக் கீழே தொங்கவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் எழுந்துவிடுவாள் என்று தோன்றியது. அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

"இங்க கொண்டு வரச் சொல்லு" என்றாள் கடைசியில். "நான் போனா ரெண்டு பேரும் சீக்காளி. அவ இங்க வரட்டும்."

மச்சான் பைக்கில் கொண்டுவந்தார், நடுவில் பாப்பா, பின்னால் அத்தை. கீழே குழந்தை டாக்டரிடம் காட்டினார்கள். முந்தின நாள் கோயில் வாசலில் பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீடு என்று ஆளாளுக்கு வாங்கிக் கொடுத்த ஐஸையும் கலர்த் தண்ணியையும் பாப்பா ஒன்றுவிடாமல் உள்ளே தள்ளியிருக்கிறாள். மருந்து கொடுத்ததும் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. வார்டு வாசலில் நின்று, "அம்மா, நீ ஏன் இங்க படுத்துருக்க, சட்டி எடுக்கலையா?" என்றாள்.

"ஆத்தா இன்னும் வேல முடிக்கலடி. முடிச்சிட்டுக் கூப்புடுவா" என்றாள் அக்கா.

அத்தை கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது என்னிடம் மட்டும், "ஏத்தா, அந்த மாத்திரய நான் கைல எடுத்துக் குடுத்துருக்கணும்" என்றார்.

தீச்சட்டி அன்றைக்கு அக்கா ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். கொட்டுச் சத்தத்தை மச்சான் போனில் பிடித்துக் காட்டினார். காதில் வைத்துக் கடைசி வரை கேட்டாள். பிறகு நர்ஸ் கொண்டுவந்த மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, "வெரதம் முடிஞ்சுச்சு. கறிக்கொழம்பு எப்பத் தருவீக?" என்று கேட்டாள். உப்பில்லாத கஞ்சி வந்தது.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். அடுத்த வருஷம் சட்டி எடுக்கலாமா. பிரஷர் கட்டுக்குள் வந்து, மூச்சு வாங்காமல் நடக்க முடிந்தால் பார்க்கலாம், அதற்கு முன்னால் இங்கே வந்து காட்டிவிட்டு எடுங்கள், அன்றைக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அக்கா அதைக் கோயில் உத்தரவு மாதிரி தலையில் வாங்கிக்கொண்டாள். இன்னொரு பிள்ளை பற்றி மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கு டாக்டர் சொன்ன பதில் அவ்வளவு லேசாக இல்லை: அதே பிரஷர் திரும்ப வரலாம், இந்த இதயம் தாங்காமல் போகலாம்.

திருவிழா முடிந்ததும் காப்புக் கட்டியவர்கள் எல்லாரும் அதை அவிழ்த்துக் கிணற்றில் போட்டார்கள். அக்கா அவிழ்க்கவில்லை. ஊரில் இரண்டு பேர் அதற்கும் ஏதோ சொன்னார்கள். கயிறு நிறம் மங்கி, நார் நாராகப் பிரிந்து, மஞ்சள் துண்டு சுருங்கி, ஒரு நாள் பூப்பறிக்கும்போது செடியடியில் தானாக விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மெஷினோடு போகிறேன். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருகிறாள், நான் சொல்லாமலே. உதடு மட்டும் அசைகிறது. அந்த நேரத்தில் அவள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், அதனால் அசைக்காதே என்று சொல்வதில்லை. பட்டை காற்றை விடுகிறது.

"எம்புட்டு?"

சொல்கிறேன். முன்னைக்கு எவ்வளவோ இறங்கியிருக்கிறது. ஆனால் டாக்டர் சொன்ன எண்ணுக்கு இன்னும் வரவில்லை. சில வாரம் நெருங்கும், சில வாரம் விலகும்.

"வரட்டும்" என்கிறாள் அக்கா, சேலையை இழுத்துவிட்டு எழுந்துகொண்டே. "ஆத்தாளும் வேலையத்தான் பாக்குறா."